தபால் கூலி திரும்பி வந்த வாரம்

1

இரும்புக் கடைக்காரர் மகளுக்குச் சில விஷயங்கள் ரத்தத்திலேயே ஊறியிருக்கும். முதல் போணி செய்ய வருகிறவரிடம் முகம் சுளிக்கக் கூடாது. தராசுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. விற்றதைத் திருப்பி வாங்கவே கூடாது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அப்பாவின் கடையில், கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குச் சரிசமமாக ஒரு பலகை தொங்கியது: 'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது.' சாமிக்குப் பூ வைக்கும்போது அந்தப் பலகைக்கும் அப்பா ஒரு பூ செருகுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செருகுவார்.

அப்படிப்பட்ட மனிதரின் மகள் நான், ஓஹியோவில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'நான் அச்சடித்த தபால் லேபிளைப் பயன்படுத்தவில்லை, காசைத் திருப்பிக் கொடு' என்று வாரம் தவறாமல் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனியைப் பார்த்து வியந்ததெல்லாம் முதல் குளிர்காலத்தோடு சரி. காசைத் திருப்பிக் கொடுக்கும் இந்தப் பெருந்தன்மையைப் பார்த்து மட்டும் இன்னும் வாய் பிளக்கிறேன்.

இந்த ஆயுத பூஜையோடு என் கடைக்கு இரண்டு வயது. அதைக் கொண்டாடப் போய் நான் அடித்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன். ஊரில் இருக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நான் சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

கடை என்றதும் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம் என்று நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் நைட்டி விற்கிறேன்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் முருங்கைக்கீரை கிடைக்கிறது, கறிவேப்பிலைச் செடி கிடைக்கிறது, தேடினால் வெட்டிவேர்கூடக் கிடைக்கிறது. முன்பக்கம் ஜிப் வைத்து, கழுத்தைச் சுற்றிப் பூ வேலை செய்து, நாலு தோய்ப்புக்குப் பிறகு உடம்போடு ஒட்டி உறவாடுகிற பருத்தி நைட்டி கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை தாம்பரம் போகும்போதும் இங்குள்ள தோழிகள் என்னிடம் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. "மல்லிகா, ரெண்டு நைட்டி" என்பார்கள். பெட்டி முழுக்க நைட்டியோடு விமான நிலையத்தில் நின்று, சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்க, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

அப்போது யோசனை சொன்னவள் ஜெசிந்தா. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "நீ அங்க வித்துக்கோடி, நான் இங்க தெச்சு அனுப்புறேன். ஸ்கூல் விட்டு வந்தா எனக்குப் பொழுது போக வேணாமா?" என்றாள். துணி எடுப்பது அவள் பொறுப்பு. தைப்பது பல்லாவரத்தில் பாபு அண்ணன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற சாக்கில் லேஸ், பட்டன் எல்லாம் வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டு வருவாள்.

முதலில் நம் பெண்கள்தான் வாங்கினார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாங்கி, இதில் பாக்கெட் இருந்தால் தோட்ட வேலைக்கே போட்டுக்கொள்வேன் என்று எழுதினாள். அதை ஜெசிந்தா போய்ச் சொன்னதற்குப் பாபு அண்ணன், "இன்னாக்கா பேஜாரா கீது! நைட்டிக்குப் பாக்கெட்டா? அந்தம்மா அத போட்டுகினு ஆபீஸ் போவுதா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டாலும் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துக் கொடுத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

ஊரிலிருந்து வரும் பெரிய பெட்டியின் மூலையில் ஜெசிந்தா நீலப் பேனாவால் ஒரு குட்டிச் சிலுவை போட்டு, ஜெபம் சொல்லித்தான் அனுப்புவாள். நான் அதைப் பிரித்து, வாடிக்கையாளருக்குத் தனித்தனியாகக் கட்டி அனுப்பும்போது 'முருகா' என்பேன். இரண்டு பேர் காவலில் போகிறது எங்கள் நைட்டி.

3

இனி லேபிளுக்கு வருவோம், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது.

இங்கே பார்சல் அனுப்பத் தபாலாபீசில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வீட்டிலேயே எடை போட்டு, கணினியில் காசு கட்டி, முகவரியும் பார்கோடும் உள்ள லேபிளை அச்சடித்து ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடலாம். அச்சடித்த லேபிளை யாரும் ஸ்கேன் செய்யவில்லை என்றால், அது பயன்படாத லேபிள். ஒரு பொத்தானை அழுத்தினால் லேபிள் செத்துப்போகும், காசு திரும்பி வரும். எவ்வளவு சுலபம் பாருங்கள்.

எனக்கு இந்த வசதி வரப்பிரசாதம். கிலோவில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பவுண்டும் அவுன்சும் எப்படிப் பிடிபடும்? எடையைத் தப்பாகப் போடுவேன், ரத்து செய்வேன். ஊர்ப் பெயரைத் தப்பாகப் போடுவேன், ரத்து செய்வேன். ஒரு தடவை உதவி எண்ணைக் கூப்பிட்டு, நம் ஊர் வழக்கப்படி, "எனக்கு ஒரு டவுட்" என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்த பையன் பதறிப்போய், "யார் மேல் சந்தேகம், மேடம்?" என்று கேட்டான். அன்றிலிருந்து உதவி எண்ணை நான் கூப்பிடுவதில்லை. பொத்தானோடு மட்டும்தான் பேச்சு.

எனக்கு அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தவள் என் மகள் நித்யா. கல்லூரியில் இரண்டாம் வருஷம், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் விடுதி. அழுக்குத் துணி சேர்ந்தால் வீட்டுக்கு வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவாள். சண்டை எதுவும் கிடையாது. கோபித்துக்கொண்டு போனாலாவது போய்க் கூட்டிக்கொண்டு வரலாம். இவள் சிரித்த முகத்தோடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

4

செப்டம்பரில் ரேவதி என்ற பெண் ஆர்டர் போட்டாள். பிள்ளை பெற்றவர்கள் பால் கொடுக்க வசதியாக ஜிப் வைத்த நைட்டி மூன்று. கூடவே ஒரு குறிப்பு: 'அக்கா, டெலிவரிக்கு முன்னாடி கிடைச்சுடுமா? ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும்.' விசாரித்தால் பொத்தேரிப் பெண். நித்யாவின் கல்லூரியைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் இருக்கிற நகரத்தில் வேலை. விசா முத்திரைக்காகச் சென்னை போன கணவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். நாவலூரில் கம்பெனி ஆபீசில் உட்காரவைத்து வேலை வாங்குகிறார்கள். பிள்ளைப்பேறுக்கு வர வேண்டிய அம்மாவுக்கோ விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை. பாவம், தலைப்பிரசவம், தனியாக ஒரு பெண். வாடிக்கையாளர் என்ற நினைப்பு எனக்கு அப்போதே போய்விட்டது.

விஷயத்தை ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவளுடைய எண்ணை ரேவதி தன் அம்மாவுக்குக் கொடுக்க, அந்த அம்மா மறுநாளே பொத்தேரியில் ரயில் ஏறித் தாம்பரத்துக்கு வந்து நின்றார்களாம், கையில் ஒரு பழைய புடவையோடு. ஜெசிந்தா போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"வெளிறிப்போன பச்சக் காட்டன் பொடவடி. 'பொறந்த கொழந்தைய மொதல்ல புதுத் துணியில படுக்க வெக்கக் கூடாதுங்க டீச்சர். பழசுதான் மெத்துனு இருக்கும். ரெண்டு மாசமா வீட்ல இதையேதான் தோச்சுத் தோச்சுக் கட்டினு இருக்கேன். நான் போவ முடியல, இதுவாச்சும் போவட்டும்'னாங்க. நைட்டியோட வெச்சுக் கட்டிட்டேன். இத மட்டும் தொலச்சுடாத, மல்லி."

நைட்டி தொலைந்தால் பாபு அண்ணன் இன்னொன்று தைப்பார். காசு தொலைந்தால் பொத்தானை அழுத்தலாம். அந்தப் புடவை ஒன்றுதான். பெட்டி வந்ததும் முதல் வேலையாக அதைத் தனியே எடுத்து, நைட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கட்டினேன். 'நேரத்துக்கு வந்துடும்மா, நானாச்சு' என்று ரேவதிக்கு எழுதினேன். நானாச்சு என்று எழுதினவள் நான்தான், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

5

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் கடையில் அன்று தராசு, படிக்கல், கம்பி வெட்டும் கத்தரி, சைக்கிள் என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். பில் புத்தகத்துக்கும் பொட்டு. டெலிவரிக்குக் கட்டி வைத்த சரக்குக்கும் பொட்டு. பொட்டில்லாத சாமான் அன்று கடையைத் தாண்டிப் போகாது.

பழக்க தோஷம் விடுமா? லேபிள் அடிக்கும் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். எடை போடும் இயந்திரத்துக்கு, டேப் வெட்டிக்கு, கணினிக்கு, அதன் எலிக்கு, எல்லாவற்றுக்கும் வைத்தேன். அன்று கட்டின பார்சல்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கினேன். பார்சலில் பொட்டு எங்கே வைப்பது? முகம் என்று ஒன்று இருந்தால் அங்கேதானே வைக்க வேண்டும். லேபிள்தான் முகம். லேபிளில் எழுத்தே இல்லாமல், கட்டங்கட்டமாக, நெற்றி மாதிரி ஓர் இடம் இருந்தது. குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். ரேவதியின் பார்சலுக்கு மட்டும் இரண்டு பொட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி ஆயிற்றே.

கற்பூரம் காட்டி, சுண்டல் தின்றுவிட்டு, எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தபாலாபீஸ் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

பிறகு ஒரு வாரம் போனது. பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் 'லேபிள் தயார்' என்பதோடு நின்றிருந்தது. ரேவதி கேட்டாள். "சிஸ்டம் மெதுவா இருக்கும்மா, பார்சல் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றேன். என்ன ஒரு தைரியம் எனக்கு!

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சல். 'உங்கள் லேபிள்கள் ஸ்கேன் செய்யப்படவில்லை. பயன்படுத்தப்படாதவை எனத் தெரிகிறது. பணத்தைத் திரும்பப் பெற விருப்பமா?' நான் துள்ளிக் குதித்தேன். பார்சலும் போய்விட்டது, கூலியும் திரும்பி வருகிறது! இரண்டாம் வருஷ நிறைவுக்குச் சாமி கொடுத்த போனஸ் என்றே நினைத்தேன். எல்லா லேபிளுக்கும் வரிசையாக 'ஆம்' அழுத்தினேன். கடைசி ஒன்றை அழுத்தும்போது கொஞ்சம் பாடக்கூடச் செய்தேன்.

சாயங்காலம், அவளுக்கு விடிகிற நேரத்தில், ஜெசிந்தாவைக் கூப்பிட்டுப் பெருமை அடித்தேன். அந்தப் பக்கம் பால் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏன்டி, போன பார்சலுக்கு எப்படிடி காசு திரும்பும்?"

"தெரியாமக் குடுக்கறாங்க. விடேன்."

"எந்த ஆபீஸ்லடி தெரியாமக் காசு குடுப்பாங்க? யூஸ் பண்ணலன்னா பார்சல் போகலன்னு அர்த்தம். லேபிள் மேல எதுனா பட்டுச்சா? தண்ணி கிண்ணி?"

"தண்ணியெல்லாம் இல்ல. சந்தனப் பொட்டு மட்டும்தான் வெச்சேன்."

"எங்க வெச்ச?"

சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. பிறகு, "மாதாவே! பார்கோடு மேலயா வெச்ச?" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். பொட்டு வைத்து மிஷின் கண்ணை மறைத்தேன். அது போதாதென்று 'ஆம்' அழுத்தி, உயிரோடு இருந்த லேபிள்களையும் என் கையாலேயே கொன்றுவிட்டேன். அந்தப் புடவை எங்கே கிடக்கிறதோ.

6

சனிக்கிழமை காலை தபாலாபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றேன். துணி துவைக்க வந்திருந்த நித்யாவும் கூட வந்தாள். ஆங்கிலத்தில் எனக்காகச் சண்டை போட ஆள் வேண்டுமே என்று நான்தான் இழுத்து வந்தேன்.

கவுண்டரில் டோனா என்ற பெண்மணி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மெலிக்காவா? உன்னைத்தான் ஒரு வாரமாகத் தேடுகிறோம். சீட்டு அனுப்பினோமே!"

அந்தச் சீட்டு, பீட்சா விளம்பரங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். டோனா உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் பார்சல்கள் எல்லாம் அதில் இருந்தன, மேலே ஒரு மூடியோடு. சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமத்தோடு கலந்து, தொட்டியின் அடியெல்லாம் ஒரே பொடி. என்ன பொடி என்று தெரியாமல் கையுறை போட்டுத் தொட்டு, மேலதிகாரியிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, கடைசியில் நேற்றுத்தான் அது ஒன்றும் செய்யாது என்று முடிவானதாம். ஆனால் ஸ்கேன் ஆகவில்லை.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"ஆசீர்வாதம். மிஷின்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கொடுப்போம்."

"எங்கள் மிஷினுக்கு அது புரியவில்லையே, கண்ணு" என்றாள் டோனா. நித்யா குனிந்து சிரிப்பை அடக்கினாள். டோனா ஒரு பார்சலைத் திருப்பி அதன் முதுகைத் தட்டிக் காட்டினாள். "அடுத்த வருஷம் இங்கே வை. எவ்வளவு வேண்டுமானாலும் வை."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. நேற்று நான் 'ஆம்' அழுத்தாமல் இருந்திருந்தால், லேபிளில் உள்ள எண்ணைக் கையால் தட்டி அப்படியே அனுப்பியிருப்பார்களாம். இப்போது லேபிள் செத்தது செத்ததுதான். எல்லாவற்றுக்கும் புது லேபிள் போட வேண்டும். மதியம் கவுண்டர் மூடிவிடும். இன்று போட்டாலும் ரேவதிக்குச் செவ்வாய்க்கு முன்னால் போய்ச் சேராது.

"செவ்வாய் போதும்," என்றேன் நித்யாவிடம். "அவளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, போன் சிணுங்கியது. ரேவதி. 'அக்கா, வலி வந்துடுச்சு. பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பார்சல் வந்தா வாசல்ல வெக்கச் சொல்லுங்க.'

அந்தத் தொட்டி முன்னால் நின்று, "ஐயோ, நானாச்சுன்னு சொன்னேனே, நானாச்சுன்னு சொன்னேனே" என்று புலம்பினேன். என் வீட்டுக்காரர் வேறு வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். எனக்கோ நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டத் தெரியாது. காய்கறிக் கடை, தபாலாபீஸ், கோயில், இவ்வளவுதான் என் எல்லை. டோனா ஒரு காகிதத் துண்டு கொடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொள்ள.

நித்யா என் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தாள். புடவை விஷயம் அவளுக்குத் தெரியாது. அழுகைக்கு நடுவில் சொன்னேன். அவள் தொட்டிக்குள் கையை விட்டு, இரண்டு பொட்டு வைத்த பார்சலை எடுத்தாள்.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள், வழக்கம்போல ஆங்கிலத்தில்.

"எங்க?"

"அவங்ககிட்ட. காலேஜ் தாண்டி ஒன் ஹவர்தானே? எப்படியும் நாளைக்கு நான் அந்தப் பக்கம் போகணும். இன்னைக்கே போறேன்."

"நானும் வர்றேன்."

"நோ, அம்மா. நீ மத்ததுக்கெல்லாம் லேபிள் போடு. அவங்களும் வெயிட் பண்றாங்கல்ல?"

"உனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதேடி."

"உனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள்.

டோனா ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுத்தாள். நித்யாவின் கார் திரும்பி மறைகிறவரை வாசலில் நின்றேன். அவளுடைய ஈரத் துணியெல்லாம் வீட்டில் மிஷினிலேயே கிடந்தது. பிறகு உள்ளே போய், மற்ற பார்சல் எல்லாவற்றுக்கும் புது லேபிள் ஒட்டினேன். திரும்பி வந்த கூலி முழுக்கப் புதுக் கூலிக்குப் போனது. டோனா ஒவ்வொன்றையும் கருவியில் காட்டி, பீப் என்ற சத்தம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

7

சாயங்காலம் நித்யா கூப்பிட்டாள். மதியமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பார்சலைக் கொடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்புவாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு, அவங்க போயிட்டாங்க. இங்க யாரும் இல்லம்மா. நான் இருக்கேன்."

"ராத்திரி பூராவா?"

"அவங்க என் கையப் பிடிச்சுட்டு இருக்காங்க. எப்படிப் போறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஜெசிந்தாவும் அங்கே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்காகவேதான் வேண்டிக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

காலையில் போன் அடித்தது. வீடியோ. எடுத்தால் திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் நித்யா, தலை கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து, வாயெல்லாம் பல். இன்னொன்றில் எனக்குத் தெரியாத ஒரு முகம். பின்னால் டியூப் லைட், தண்ணீர்க் குடம், சாயங்கால வெளிச்சம். பொத்தேரியில் ரேவதியின் அம்மா. என்னையும் அந்த அழைப்பில் சேர்த்துவிட்டிருக்கிறாள் நித்யா. நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நித்யா போனைத் திருப்பினாள். ஜிப் வைத்த நைட்டியில் ரேவதி, சாய்ந்து உட்கார்ந்து, சோர்ந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் வெளிறிய பச்சைப் புடவை. அதன் மேல் ஒரு பெண் குழந்தை, கையை முறுக்கிக்கொண்டு, உலகத்தின் மேலேயே கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது.

அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுதார்கள். சிரித்தார்கள். மறுபடி அழுதார்கள். "பொடவ மேலயே படுக்க வை ரேவதி, எடுக்காத, எடுக்காத" என்றார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பிடித்திருப்பது யார் என்று உற்றுப் பார்த்தார்கள்.

"நீ யாரும்மா? ரேவதி கூட வேல பாக்குற பொண்ணா?"

"இல்ல ஆன்ட்டி. நான் பார்சல் கொண்டு வந்தேன்."

"ராத்திரியெல்லாம் கூட இருந்தியாமே. நல்லா இருக்கணும் கண்ணு. எந்த ஊரும்மா நீ?"

நான் மைக்கைத் தேடினேன். இந்தக் கேள்விக்கு அவள் இங்கே பிறந்த ஊரைச் சொல்வாள், அந்த அம்மாவுக்குப் புரியாது, நான்தான் விளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"தாம்பரம்" என்றாள் நித்யா.

"அட! ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?"

"ஈஸ்ட்."

"அப்ப நம்ம பக்கத்துப் பொண்ணா நீ! சொல்லவே இல்ல பாரு!" அந்த அம்மா முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார்கள். ஊர்க்காரப் பெண் என்று தெரிந்த பிறகு என்ன தயக்கம்? குரலில் உரிமை வந்துவிட்டது. "அப்படின்னா நான் சொல்றத நல்லாக் கேளு. அவங்க ஐஸ் தண்ணி குடுப்பாங்க, வாங்காத. வெந்நி கேளு. அவ காத நல்லா மூடி விடு. நீ ஏதாச்சும் சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி."

"மொதல்ல சாப்டு. சாப்ட்டுட்டு வந்து புள்ளையத் தூக்கிக்கோ."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் என் மகள், தமிழில், மறுபேச்சில்லாமல். நான் மைக்கைப் போடவே இல்லை.